எறும்பு வராத கோலம்

ஓவியம், சிற்பம், நாடகம் என்று நீலமேகன் தொடாத கலை இல்லை. வாய்த்துடுக்கும் அதே அளவு. சென்னையில் அவர் வைத்த கண்காட்சியில் கூடம் நிறைய ஒரு கோலம். "எறும்புகளுக்கு அரிசிமாவு விருந்து. பெண்கள் புரியாமல் போட்டதை நான் புரிந்து போட்டேன்" என்று பக்கத்தில் பலகை.

மூன்று நாளாகியும் ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. பழி, தரை துடைக்கும் கன்னியம்மா மேல் விழுந்தது.

"உன் பினாயில் நாத்தம்தான் காரணம்! நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள எறும்பு வரணும். இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு வேலை இல்ல."

கன்னியம்மா கோலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"வரவழைச்சிடுறேன் சார்."

கடையில் ஒரு பிடி அரிசிமாவு வாங்கிவந்து, முருகனை நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நாலு புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள்.

நாலு மணிக்குக் கேமராக்கள் நுழைந்தபோது, பெரிய கோலத்தைச் சுற்றிக்கொண்டு எறும்புகள் சாரை சாரையாகச் சின்னக் கோலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"என்னுதை ஏன் தொடல?" நீலமேகன் சீறினார்.

"உங்களுது கல்மாவு சார். ரெண்டும் நான் பினாயில் போட்டுத் துடைச்ச தரைதான்."

வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றேன் சார். அந்தப் பலகையையும் துடைச்சிடட்டுமா?"