இரண்டாம் நாள் வராதவர்கள்

“ஏழு வருஷமாகச் சொல்லித்தருகிறேன், குருவே. இரண்டாம் நாள் யாருமே வருவதில்லை.”

சொன்னவர் ஓட்மார். பனி கொட்டும் மேற்கத்திய ஊர் ஒன்றில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியைத் தன் ஊராருக்குச் சொல்லித்தந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மினேகோ. ஜப்பானில், கடலோர ஊர் ஒன்றில் ஷோகிக் கூடம் நடத்துகிறார். ஓட்மார் வருஷாவருஷம் வந்து ஆடிப் பழகுவது அங்கேதான். ஓட்மாரைவிடப் பதினைந்து வயது இளையவர். பேச்சில் மகா சிக்கனம்.

“ஏன் வருவதில்லை?”

“காய்களில் இருக்கும் எழுத்தைப் பார்த்தே மிரண்டுவிடுகிறார்கள். அதனால் இதைச் செய்தேன்.”

பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். எழுத்துக்குப் பதிலாகப் படங்கள். தேருக்குத் தேர், குதிரைக்குக் குதிரை. எந்தப் பக்கம் நகரலாம் என்று காட்டச் சிவப்பு அம்புக்குறிகள். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்திருந்தார்.

மினேகோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“நன்றாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.”

“கற்றுக்கொண்டார்கள். அப்புறமும் வரவில்லை.”

ஓட்மார் காய்களைத் திரும்பப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

“மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். இதற்கு மேல் முடியாது, குருவே. விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.”

பாவம், எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

மினேகோ அந்தப் படக் காய்களையே பலகையில் அடுக்கினார். பிறகு தன் பக்கத்திலிருந்த இரண்டு பெரிய காய்களை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

ஓட்மாருக்குச் சுருக்கென்றது. “எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் எதிரே இருப்பவருக்கு அவமானம்.”

“இங்கே இதுதான் வழக்கம். நன்றாக ஆடத் தெரிந்தவர் தன் காய்களைக் குறைத்துக்கொள்வார்.”

“இத்தனை வருஷமும் வேண்டாம் என்றேனே.”

“சொன்னீர்கள். இன்று ஆடிப் பாருங்கள்.”

ஆடினார்கள். தேநீர் ஆறிப்போனது. மினேகோ நெற்றியைத் தேய்த்தார், உதட்டைக் கடித்தார், ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் கைகளை மடியில் வைத்துத் தலை குனிந்தார்.

“தோற்றுவிட்டேன்.”

ஷோகியில் அதைத் தோற்றவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்மார் அவரிடமிருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“விட்டுக்கொடுத்தீர்களா?”

“இல்லை. இருந்ததை வைத்து முட்டி மோதிப் பார்த்தேன். முடியவில்லை.”

ஓட்மாரின் முகமெல்லாம் சிரிப்பு. அவர் கைகள் அதற்குள் காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்திருந்தன.

“இன்னொரு ஆட்டம் போடலாமா?”

மினேகோ சரியென்று தலையசைத்தார். “உங்கள் ஊரில் கடைசியாக வந்தது யார்?”

“பக்கத்துத் தெரு ரொட்டிக்கடை லியோனி. தோற்றாலும் நன்றாகத்தான் ஆடினாள். ஒரே ஒரு நாள்.”

“அவளோடு ஆடும்போது உங்கள் பக்கத்தில் எத்தனை காய் வைத்திருந்தீர்கள்?”

ஓட்மாரின் கை பலகைமேல் அப்படியே நின்றது.

“இருபதையும்” என்றார்.