யாருமே தோக்காத மலை

"வயசாயிடுச்சு, அதனால அந்தத் தோல்விய எண்ணக் கூடாதுங்கறே. அப்படித்தானே தேவநேசா? உன் ஆளு குத்துச்சண்டைக் கையுறைய மாட்டிக்கிட்டு ரிங்குல ஏறினப்ப அந்த வயசு எங்க போயிருந்துச்சு? கீழ விழுந்தப்பறம்தான் வந்துச்சா? சரி, அடுத்த ஜோடி தயாராகற வரைக்கும் ஒரு மலையில நடந்ததச் சொல்றேன், கேளு.

அந்த மலையில ஒரு வரையாட்டுக் கூட்டம் இருந்துச்சு. உச்சியில ஒரு சுனை. சுனைக்குப் போற வழியில ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு. செந்நாய்ங்க மேல வரணும்னா அந்த இடுக்கு வழியாத்தான் வரணும்.

அதனால அங்க ஒரு வழக்கம். வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் கிடாக்கள் முட்டிப் பாக்கும். ஜெயிச்ச கிடாவுக்குச் சுனையில முதல் வாய்த் தண்ணி. சும்மா இல்ல. இடுக்குல காவல் நிக்கிறதும் அதோட வேலைதான்.

ரொம்ப வருஷமா இடிக்கொம்பன்னு ஒரு கிடா ஜெயிச்சுக்கிட்டிருந்துச்சு. சுனையோரத்து மரத்துல இருந்த கருங்குரங்குக்கு அதப் புகழறதுதான் பொழப்பு. 'எங்கண்ணன் தும்மினா பாறை பிளக்கும்!' இடிக்கொம்பன் பல தடவை தும்மியிருக்கு. பாறை அப்படியேதான் இருந்துச்சு.

அந்த வருஷம் செவலைன்னு ஒரு இளங்கிடா முட்ட வந்துச்சு.

'இந்தப் பொடியனையா? கண்ண மூடிக்கிட்டே முட்டித் தள்ளுவேன்!' அப்படின்னு சிரிச்சுது இடிக்கொம்பன்.

'தொறந்துக்கிட்டே முட்டுங்கண்ணே. அப்பறம் நான் வந்ததப் பாக்கலேன்னு சொல்லுவீங்க!' அப்படின்னுது செவலை.

முட்டினாங்க. முதல் முட்டுல ரெண்டும் அசையல. ரெண்டாவதுல இடிக்கொம்பனோட முன்னங்கால் மடங்கிச்சு. மூணாவதுல அது உருண்டு போய்ச் சுனைக்குள்ள விழுந்துச்சு. முதல் வாய்த் தண்ணிய அப்பவே குடிச்சிடுச்சு, மூக்கு வழியா.

'செல்லாது! செல்லாது!' அப்படின்னு கத்துச்சு குரங்கு. 'அண்ணனுக்கு வயசாயிடுச்சு! பழைய இடிக்கொம்பனா இருந்தா இந்தப் பய கதை முடிஞ்சிருக்கும்!'

சுருளின்னு ஒரு பெட்டை, காலடியில குட்டியோட நின்னுக்கிட்டிருந்துச்சு. 'போன வருஷம் ஜெயிச்சாரே, அது என்ன?' அப்படின்னு கேட்டுச்சு.

'அது அனுபவம்!'

'இப்பத் தோத்தது?'

'இது வயசு!'

'ஏன்யா, ஜெயிச்சா அனுபவம், தோத்தா வயசா?'

'உனக்கு முட்டு பத்தி என்னம்மா தெரியும்?' அப்படின்னுது, பொறந்ததுலேர்ந்து ஒரு தடவ கூட முட்டாத குரங்கு.

இடிக்கொம்பன் காதுல இருந்த தண்ணிய உதறிச்சு. 'ஆமா, காலைலேர்ந்தே முட்டி வலி' அப்படின்னுது. காலைல அத யார்கிட்டயும் சொல்லல. கூட்டமும் பெரியவர் மனசு நோகக் கூடாதேன்னு தலையாட்டிடுச்சு. செவலையத் தண்ணி குடிக்கற வரிசையோட கடைசிக்கு அனுப்பினாங்க. அதோட முறை வர்றப்ப சேறுதான் மிச்சம்.

மறுநாள் காலையில இடிக்கொம்பன் சுனையில வாய வைக்கப் போச்சு. பின்னாடியிருந்து ஒரு குரல். 'நகரு தம்பி!'

கூழைவாலன். இடிக்கொம்பனுக்கு முன்னாடி ஜெயிச்சுக்கிட்டிருந்த கிடா.

'நீ என்னைத் தள்ளினப்ப எனக்கு என்ன வயசு?'

இடிக்கொம்பன் யோசிச்சுது. 'இப்ப எனக்கு இருக்கற வயசுதான்.'

'அப்ப அந்தத் தோல்வியும் செல்லாது. நான் இன்னும் தோக்கல!'

எல்லாரும் குரங்கப் பாத்தாங்க. குரங்கு மும்முரமா ஒரு இலையப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

கூழைவாலன் குனியறதுக்குள்ள ஒரு இருமல் சத்தம். நரைமுதுகன். கூழைவாலனுக்கும் முன்னாடி ஜெயிச்சவரு. பல்லு இல்ல, ஒரு கண்ணுல பூ விழுந்திருந்துச்சு. ரெண்டு பெட்டைங்க ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

'கூழை, என்னைத் தள்ளினியே, அப்ப எனக்கு மட்டும் வயசாகலையாடா?'

கூழைவாலனும் நகந்துச்சு. அதுக்கும் முன்னாடி ஜெயிச்ச கிடாக்கள் எல்லாம் செத்துப் போயிருந்துச்சு. நல்லவேளை, அதுங்க தண்ணி கேட்டு வரல.

நரைமுதுகன் குடிச்ச தண்ணில பாதி தாடி வழியா ஒழுகிச்சு. அப்பறம் தோல்வியே காணாத அந்த வீரர இடுக்குல கொண்டு போய் நிறுத்தினாங்க. நின்னாரு. உக்காந்தாரு. தூங்கிட்டாரு.

சாயங்காலம் செந்நாய்ங்க வந்துச்சு. முன்னால வந்த நாய் மோந்து பாத்துச்சு. நரைமுதுகன் ஒரு கண்ணத் தொறந்தாரு.

'யாரு, சுருளியா? குடிக்கத் தண்ணி கொண்டாந்தியா?'

'இல்ல தாத்தா, சாப்பிட வந்தோம்!' அப்படின்னு சொல்லி அவரத் தாண்டிக் குதிச்சுது. அவரக் கடிக்கக் கூட இல்ல. எலும்பக் கடிச்சுப் பல்ல எதுக்கு உடைச்சுக்கணும்?

'கூழையண்ணே, போங்க!' மரத்துக்கு மேலேர்ந்து குரங்கு அலறிச்சு.

'எனக்கு வயசாயிடுச்சுப்பா!'

'இடியண்ணே!'

'நீதானேய்யா எனக்கும் வயசாயிடுச்சுன்னு சொன்னே!'

'செவலை!' அப்படின்னு சுருளி கத்துச்சு.

செவலை ஓடி வந்துச்சு. ஆனா வரிசையோட கடைசியிலேர்ந்து வரணுமே. சுனையச் சுத்தி, அத்தனை ஆட்டையும் விலக்கிக்கிட்டு வரணும். வந்ததும் ஒரே முட்டு. முன்னால நின்ன நாய் பாறையிலேர்ந்து கீழ போச்சு. அடுத்ததும் போச்சு. மிச்ச நாய்ங்க வந்த வழியே ஓடிடுச்சு. ஆனா போறப்ப ஒரு நாய் வாயில சுருளியோட குட்டி இருந்துச்சு.

சுருளி மரத்த அண்ணாந்து பாத்துச்சு.

'குரங்கண்ணே, எங்க, இதயும் செல்லாதுன்னு சொல்லுங்க பாப்போம்.'

குரங்கு இலைக்கு நடுவுல மூஞ்சிய மறைச்சுக்கிச்சு.

இடிக்கொம்பன் செவலைகிட்ட வந்துச்சு. 'நேத்து என் முட்டி நல்லாத்தான் இருந்துச்சு. என் பலத்தையெல்லாம் சேத்துத்தான் முட்டினேன். நீ ஜெயிச்சே, நான் தோத்தேன். போய்க் குடி.' அப்படின்னு சொல்லிட்டு நடந்து போய் வரிசையோட கடைசியில நின்னுச்சு. ஒரு நாள் முன்னாடி நின்னிருந்தா குட்டி இருந்திருக்கும்.

முடியாதுன்னா ஏறக் கூடாது, ஏறிட்டா தோத்தேன்னு சொல்லணும். தோத்தவனுக்காக நாம சொல்ற சாக்கு ஒவ்வொண்ணும் ஜெயிச்சவன்கிட்டேர்ந்து புடுங்கினது தேவநேசா."

"யோவ் மரியதாஸ்! ரெண்டு பேரும் ஏறி நிக்கறாங்க, மணியடிக்க ஆளில்ல! வாய்யா!"

"இதோ வந்துட்டேன். கால நகத்து தேவநேசா, போகணும்."