தோற்க முடியாத விளையாட்டு

கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்தும் சத்தம் கேட்டும் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்வதுதான் செண்பகவடிவின் வேலை. அவளுக்கும் கண் தெரியாது. முதலாளி ரத்தினசபாபதிக்கோ இரக்கம் பொங்கி வழியும்.

“பாவம்மா அவங்க. யாரும் தோக்கவே கூடாது, அப்படி மாத்து.”

அவர் பேச்சுக்கு மாற்றி மாற்றியே அலுத்துப்போனவள், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள்.

விருந்தாளிகள் முன்னால் அவரே ஆடிக் காட்டினார். எதைத் தொட்டாலும் வெற்றி மணி அடித்தது. முதலில் மீசையை முறுக்கினார்; அப்புறம் கொட்டாவி விட்டார்.

“சீ, இதெல்லாம் ஒரு விளையாட்டா? தோக்கவே முடியலையே!”

“பாவம் சார் நீங்க. அதான்.”

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள்.

“பழையபடி மாத்திடவா சார்?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

செண்பகவடிவு பெருமூச்சு விட்டாள். “சத்தத்தையே காணோம். தலையை ஆட்டினா எனக்கு எப்படி சார் தெரியும்?”