ராஜாவின் தாளத்துக்கு நெல் குத்தியவர்

வெகு காலத்துக்கு முன் நெல்வாய் நாட்டைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டதைவிட மிருதங்கம் வாசித்ததே அதிகம். அவன் வாசித்தால் சபையே கைதட்டித் தாளம் போட வேண்டும். அது அரண்மனை வழக்கம். ராஜா ஓடினால் தாளமும் பின்னால் ஓடும். தடுக்கினால் அதுவும் தடுக்கும். ஆகவே அவனுக்குத் தாளம் தப்பியதே இல்லை.

ஒருநாள் அவனே, "என் வாசிப்பில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றான்.

மிருதங்க ஆசான் கூத்தபிரான், பாவம், அதை நம்பிவிட்டார். "நடுவில் கொஞ்சம் ஓடுகிறீர்கள், மன்னா."

ராஜாவின் முகம் சுண்டியது. ஆசான் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஆஸ்தான வித்வான் வித்யாபதி துள்ளி எழுந்தார். "ஓடுவது மன்னரல்ல, இவர் புத்தி! நாடு கடத்துங்கள்!"

"பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடும், ஆசானே" என்றான் ராஜா.

அமைச்சர் நற்கிள்ளி பணிவாக எழுந்தார். "அப்படியே ஆகட்டும். அதற்குமுன் ஒருமுறை வாசியுங்கள், மன்னா. தட்டித் தட்டிச் சபைக்குக் கை வீங்கிவிட்டது. தாளத்துக்கு வேறு ஆள் வைத்திருக்கிறேன்."

வந்தவர்கள் அரண்மனையில் நெல் குத்தும் வீராயியும் பேச்சியும். ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். ராஜா வாசித்தான். கொஞ்ச நேரத்தில் மிருதங்கம் ஒரு பக்கம், உலக்கை ஒரு பக்கம்.

"ஏய், என்னோடு வாருங்கள்!"

"உங்க இஷ்டத்துக்கு வந்தா உலக்கையும் உலக்கையும் மோதும் ராசா. விரல் நசுங்கிடும்" என்றாள் வீராயி, கையை நிறுத்தாமல்.

"குத்துகிறவளுக்கு லயம் தெரியுமா?" என்று சீறினார் வித்யாபதி.

"அதானே!" என்றார் அமைச்சர். "லயம் தெரிந்தவர் நீங்கள். ஓர் உலக்கை உங்களுக்கு, இன்னொன்று அதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மைத்துனருக்கு. மன்னர் வாசிப்புக்கே குத்துங்கள்."

மறுக்க வழியில்லை. குத்தினார்கள். ராஜா வழக்கமான இடம் வந்ததும் பிய்த்துக்கொண்டு போனான்.

"ஐயோ!"

வித்யாபதி கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆயிற்று?"

"ஓடிட்டீங்க மன்னா!"

ராஜா மிருதங்கத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான்.

"ஆசானும் இதைத்தானே சொன்னார், யாருடைய விரலும் நசுங்காமல்?"

கூத்தபிரானை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டான். குத்தும் பெண்களுக்குப் பொன்வளை கொடுத்தான். "என் தாளம் சரியாகும்வரை வித்யாபதியும் மைத்துனரும் தினமும் என் வாசிப்புக்கே நெல் குத்தட்டும்" என்றான்.

அன்றுமுதல் ராஜாவின் சறுக்கலைச் சபையில் முதலில் சொன்னவர் வித்யாபதிதான். சில நாட்களில் ராஜா மிருதங்கத்தைத் தொடும் முன்பே சொல்லிவிடுவார்.