சூறையனுக்குத் தண்ணீர் மறுத்த உலகாயி

காற்றும் ஏரியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நண்டுத்திட்டு என்ற கடற்கரை ஊரில் உலகாயி என்றொருத்தி இருந்தாள். ஒருநாள், நடக்கவும் தெம்பில்லாத சின்னக் காற்று ஒன்று அவள் வாசலில் வந்து விழுந்தது. பெயர் சூறையன். அவள் கஞ்சி ஊற்றி, "கடலம்மாகிட்ட போ, அவ யாரையும் பட்டினி போடமாட்டா" என்று அனுப்பி வைத்தாள்.

கடல் வெயிலில் சூடேறிக் கிடந்தது. தன் வெதுவெதுப்பான ஆவியை அள்ளி அள்ளி ஊட்டியது. சூறையன் குடித்தான், சுழன்றான், பெருத்தான். பெருத்ததும் கரைக்குத் திரும்பி, முதல் வேலையாக உலகாயியின் கூரையைப் பிய்த்து எறிந்தான். சுவர் இடிந்து அவளுடைய மூன்று ஆடுகளும் செத்தன.

"அடே, இந்த வீட்டுக் கஞ்சியைத்தானேடா குடிச்சே?"

"குடிச்சா என்ன? நானா கேட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே அவன் உள்நாட்டுக்குள் போனான்.

அந்நாளில் நிலமும் அவனுக்குத் தீனி போட்டது. வழியிலிருந்த ஏரி, குளம், கிணறு எல்லாம் கடலைப் போலவே ஆவி கொடுத்தன. அவன் தளரவே இல்லை. ஏழு நாள், மலையடிவாரம் வரை, ஊர் ஊராக அழித்தான்.

உலகாயி ஆத்திரத்தோடு கிளம்பினாள். அவன் போன தடத்திலேயே நடந்து பெரிய ஏரியின் கரையில் போய் நின்றாள்.

"நீயா அவனுக்குத் தண்ணி கொடுத்தே?"

"தவிச்சு வந்தவனுக்குக் கொடுக்கிறது முறைதானே, தாயி?" என்றது ஏரி.

"முறையாம் முறை! அவனா தவிச்சவன்? பிள்ளையைப் புதைச்சிட்டு உன் கரையில நிக்கிறாங்களே, அவங்க தவிப்பு உன் கண்ணுல படலையா? சத்தமாக் கேட்டா யாருக்கு வேணும்னாலும் கொடுத்துடுவியா?"

"இனி அவனுக்குச் சொட்டுத் தண்ணி கொடுக்காதீங்க" என்று ஏரி மற்ற குளம், கிணறுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியது.

அடுத்த முறை சூறையன் வந்தபோது நீர்நிலைகள் எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டன. மரங்களும் குன்றுகளும் அவன் காலைப் பிடித்து இழுத்தன. இரண்டாம் நாளே, ஏரிக்கரையில் நின்ற உலகாயியின் காலடியில் சுருண்டு விழுந்தான்.

"ஆத்தா, ஒரு வாய் தண்ணி!"

உலகாயி இடுப்பில் இருந்த குடத்தை அவன் கண்ணெதிரே மண்ணில் கவிழ்த்தாள். அவன் ஓவென்று அழுதான். அந்த அழுகை மழையாகக் கொட்டியது.

பிறகு அவள் கடலிடம் போனாள். "நீயும் நிறுத்து."

"என் உடம்புல சூடு இருக்கிற வரைக்கும் மறுக்க முடியாதும்மா. ஒரே இடத்துல நின்னு குடிச்சான்னா அடியில கிடக்கிற குளிர்ந்த தண்ணி மேல வரும், அப்ப இளைப்பான். என்னால ஆனது அவ்வளவுதான்."

"அப்போ கரையில இருக்கிற நாங்க?"

கடல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று முதல்தான் புயல் சூடான கடலில் கொழுத்து, நிலத்தில் ஏறியதும் மெலிந்து, மழையாக அழுது ஓய்கிறது. ஆனால் முதல் அடி கரையோரத்துக்காரர்களுக்குத்தான். அது என்ன நியாயம் என்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.