பெரிய ஏரியை வெட்டிய தாத்தா

“உம்ம தாத்தா ஏரி வெட்டினாரா? ஏரியில எருமை கழுவினார்னு சொல்லும், சபையறிய ஒத்துக்கறேன்.”

“எருமைன்னாலும் அது எங்க வீட்டு எருமை. உம்ம தாத்தா கழுவினது ஊரான் வீட்டுக் குதிரை.”

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ சபையில், ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இரண்டு பெரிய மனிதர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எருமையைக் கிளப்பியவர் குதிரை லாயத்து அதிகாரி பெரியதம்பி. குதிரையைக் கிளப்பியவர் நெற்களஞ்சியத்து அதிகாரி மாசிலாமணி. ராஜ சபை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அரண்மனைக் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். ராஜா தும்மினால் கடைத்தெருவில் கேட்கும். தலைநகரம் என்று பேர், மொத்தத்தில் கரைப்பாக்கம் ஒரு சின்ன ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்லிவிட்டு யாரும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

சண்டைக்குக் காரணம் ராஜாதான். போன வாரம் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார். அங்கே ஏரிக்கரையில் ஒரு கல் நட்டிருந்தது. இந்த ஏரியை வெட்டியவர் இன்னார் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்து ராஜா அந்தக் கல்லைத் தடவித் தடவிக் காட்டினார். நம் ராஜாவுக்கு அதற்கப்புறம் விருந்து இறங்கவில்லை. அதிரசத்தைப் பாதியில் வைத்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, “நம் பெரிய ஏரி அவனுடையதைவிடப் பெரிசு. அதை வெட்டியது யார்? பேரைச் சொல்லுங்கள், நாளைக்கே கல் நடுவோம்” என்றார்.

அவ்வளவுதான். அதுவரைக்கும் அந்த ஏரியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தூர்ந்துபோய், நடு ஏரியில் நிற்கும் எருமைக்கு முழங்கால் நனையாத நிலைமை. இப்போது பார்த்தால், ஊரில் எல்லார் தாத்தாவும் மண்வெட்டியோடு அங்கேதான் இருந்திருக்கிறார்கள். வெற்றிலைக் கடைக்காரர் பாட்டன் வெட்டியதாக ஒரு பேச்சு. கோயில் மடைப்பள்ளிக்காரர் பாட்டன் வெட்டியதாக ஒரு பேச்சு. ஆனாலும் சபையில் குரல் உயர்த்தும் தகுதி இரண்டு தாத்தாக்களுக்குத்தான் இருந்தது. மாசிலாமணியின் தாத்தா அருணகிரி, பெரியதம்பியின் தாத்தா வேலப்பன்.

ராஜா காதைப் பொத்திக்கொண்டு, “உத்தண்டி, நீ என்ன சொல்கிறாய்?” என்றார்.

உத்தண்டி அந்தச் சபையின் விகடகவி. ராஜாவின் வலது பக்கத்தில், வெற்றிலைப் பெட்டிக்கு எட்டும் தூரத்தில் அவனுக்கு ஓர் இடம். “பிரபு, ஏரி வெட்ட இத்தனை தாத்தாக்கள் வந்திருந்தால், அன்றைக்கு ஊரில் சமைத்தது யார் என்றுதான் யோசிக்கிறேன்” என்றான் அவன்.

ராஜா சிரித்தார். சிரித்த கையோடு தன் பெட்டியிலிருந்து வெற்றிலை மடித்து அவனிடம் கொடுத்தார்.

மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. தாத்தா விஷயத்தைக்கூட ஒரு நிமிடம் மறந்தார். அந்த ராஜாவின் களஞ்சியத்தை எலி அண்டாமல் காத்து அவர் தலை நரைத்துவிட்டது. ஒரு வெற்றிலைக் காம்பு வந்ததில்லை இதுவரை. நாக்கைச் சுழற்றத் தெரிந்தவனுக்கு மடித்த வெற்றிலை, அதுவும் சுண்ணாம்பு தடவி.

எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். “பிரபு, இந்த வழக்கைத் தீர்க்க உத்தண்டியைவிடப் புத்திசாலி இல்லை. பேரை அவரே கண்டுபிடித்துக் கல்லில் பொறிக்கட்டும். ஒரே விண்ணப்பம். கல் நட்ட பிறகு ஊரில் ஒருத்தராவது எழுந்து, இந்தப் பேர் இல்லை என்று சொன்னால் பக்கத்து நாட்டார் சிரிப்பார்கள். அப்படி ஒரு தலைகுனிவைக் கொண்டுவருகிறவர் இந்த ஊரில் இருக்கலாமா?”

ராஜாவுக்குப் பக்கத்து ராஜாவின் சிரிப்பு கண்முன் வந்தது. “இருக்கக் கூடாது. உத்தண்டி, பௌர்ணமிக்குக் கல் நட வேண்டும். ஒரு வாய் மறுத்தாலும் நீ மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

கரைப்பாக்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் என்று ஒன்று கிடையாது. அமாவாசை எந்த நாள் என்பதற்கே மூன்று கட்சி. சபையில் எல்லாரும் உத்தண்டியைப் பார்த்தார்கள். பாவம் என்று பார்த்தவர்களைவிட, அவன் வீட்டுக்கு யார் குடிபோவது என்று பார்த்தவர்கள் அதிகம்.

“உத்தரவு பிரபு” என்றான் உத்தண்டி. “கல் நடுவது மட்டும் ஊர் வழக்கப்படி நடக்க வேண்டும் அல்லவா?”

“ஒரு பிசகும் கூடாது.”

அன்றைக்கு மாசிலாமணி வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை மோர்க்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி வேதவல்லிக்கு ஆச்சரியம்.

“என்ன இன்னிக்கு இப்படி இறங்குது?”

“கேளு. அந்த உத்தண்டி நம்ம தாத்தா பேரைப் போட்டான்னா நமக்குக் கல்லு. வேற எவன் பேரைப் போட்டாலும் நான் எழுந்து இல்லைம்பேன், அவன் ஊரைவிட்டுப் போவான். எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்குத்தான்.”

“அதுசரி, உங்க தாத்தா நிஜமாவே ஏரி வெட்டினாரா? அவருக்குத் தண்ணின்னாலே ஆகாதாமே. குளிக்கச் சொன்னா கொல்லைப் பக்கமா ஓடிடுவார்னு அத்தை சொல்லுவாங்க.”

“வெட்டும்போது ஏரியில ஏதுடி தண்ணி?” என்றார் மாசிலாமணி.

அடுத்த நாளிலிருந்து உத்தண்டி வீடு வீடாகப் போனான். எல்லார் தாத்தா கதையையும் கேட்டான். எல்லாருக்கும் தலையாட்டினான். வெற்றிலைக் கடையில் ஒரு நாழிகை, மடைப்பள்ளியில் ஒரு நாழிகை. பெரியதம்பி வீட்டில் பாயாசமே போட்டார்களாம். அது தெரிந்ததும் மாசிலாமணி வீட்டில் பாயாசத்தோடு வடையும் போட்டார்கள். உத்தண்டி இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, “அருணகிரித் தாத்தா பெரிய மனுஷர்தான்யா” என்று சொல்லிப் போனான். பெரியதம்பி வீட்டில் வேலப்பத் தாத்தாவைப் பற்றியும் இதே வார்த்தை என்று மறுநாள் காதுக்கு வந்தது. கொடுத்த வடை மாசிலாமணிக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பொறுக்க முடியாமல் கல்தச்சர் பட்டறைப் பக்கம் காற்று வாங்குகிற மாதிரி நடந்தார். அந்த வெயிலில் யார் காற்று வாங்குவார்கள் என்று கேட்கக் கூடாது. கல் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியதம்பி.

“என்ன அய்யா, இந்தப் பக்கம்?”

“சும்மா. அம்மிக்கல் கொத்தணும். நீர்?”

“எனக்கும் அம்மிதான்.”

பௌர்ணமியன்று காலையில் ஊரே ஏரிக்கரையில் கூடியது. மதகுக்குப் பக்கத்தில் கல் ஈரத்துணி போர்த்தி நின்றது. பக்கத்து நாட்டுக் கல்லைவிட ஒரு முழம் உயரம், ராஜா தானே அளந்து பார்த்துக்கொண்டார். குடைக்குக் கீழே அவர் உட்கார்ந்ததும் உத்தண்டி முன்னால் வந்தான்.

“பிரபு, துணியை எடுக்கும் முன் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் எதில் யார் பேர் பொறித்திருக்கிறதோ, அந்தப் பொருளை அந்த வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும். கோயில் தூண்டாமணி விளக்கில் எண்ணெய்ச் செட்டியார் வீட்டுப் பேர் இருக்கிறது. இன்றைக்கும் அவர்கள் வீட்டு எண்ணெய்தான் எரிகிறது. குளத்துப் படிக்கட்டில் மடைப்பள்ளிக்காரர் மாமனார் பேர். படி உடைந்தால் இவர்தான் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்.”

“ஆமாம். பெண் எடுத்த பாவம்” என்றார் மடைப்பள்ளிக்காரர்.

“ஆகவே இந்தக் கல்லில் எந்தத் தாத்தா பேர் இருக்கிறதோ, அவர் பேரப்பிள்ளைதான் இந்தக் கோடையிலேயே ஏரியைத் தூர் வார வேண்டும். கரையும் மதகும் அவர் பொறுப்பு. வேலை செய்கிறவர்களுக்குச் சோறும் அவர் வீட்டில். ஊர் வழக்கம் பிசகக் கூடாது என்பது பிரபுவின் வாக்கு.”

ராஜா தலையசைத்தார்.

கரை முழுக்கத் திரும்பி ஏரியைப் பார்த்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சேறு, கோரைப்புல், நடுவில் எருமைகள்.

முதலில் வெற்றிலைக் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “எங்க பாட்டன் வெட்டினவங்களுக்கு வெத்தலை கொடுத்தாரே தவிர, மண்வெட்டியைத் தொட்டதில்லைங்க. வீண் பேரு நமக்கெதுக்கு.” மடைப்பள்ளிக்காரர் தன் பாட்டன் அந்த வருஷம் காசிக்குப் போயிருந்ததாக ஞாபகப்படுத்திக்கொண்டார். காலையில் கரையில் நின்ற தாத்தாக்கள் எல்லாம் ஒவ்வொருவராக வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பெரியதம்பி எல்லாரையும் முந்திக்கொண்டு ராஜாவின் காலடிக்கு வந்தார். “பிரபு, உண்மையை மறைக்கிறது பாவம். ஏரியை வெட்டினது மாசிலாமணியோட தாத்தா அருணகிரிதான். தலையில மண்கூடையோட அவர் ஏறி வந்ததை எங்க தாத்தா கண்ணால கண்டிருக்கார். சொல்லும்போதெல்லாம் அழுவார்.”

“ஆமாமா, அருணகிரிதான்” என்றது கரை. “எங்க வீட்லயும் சொல்லுவாங்க.” “என்ன உழைப்பு, என்ன உழைப்பு.” கரைப்பாக்கம் வரலாற்றில் முதல் தடவையாக ஊர் முழுக்க ஒரே பேச்சு.

உத்தண்டி துணியை இழுத்தான். அருணகிரி என்ற பேர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. “மறுப்பவர் உண்டா?” என்றார் ராஜா.

மாசிலாமணி கல்லையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். வேதவல்லி தூரத்திலிருந்து கையாலேயே வேண்டாம் வேண்டாம் என்று காட்டினாள். எது வேண்டாம் என்பது மட்டும் புரியவில்லை. எங்கள் தாத்தா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சேறு தன் தலையில் இல்லை. அதே வார்த்தையில் உத்தண்டியும் ஊரில் இல்லை. அந்த வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்து இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஓரடி எடுத்து வைத்தார்.

“பிரபு, நான் ஒண்ணு சொல்லணும்.”

“தாராளமாச் சொல்லுங்க அய்யா” என்றான் உத்தண்டி. “மூட்டையைக் கட்டி வாசல்ல வெச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா நான் போனாலும் கல்லு இங்கே நிக்கணுமே. ராஜா இன்னிக்கு நட்டாகணும்னு சொல்லியிருக்கார். அதனால தச்சர் முன்யோசனையா இன்னொரு பக்கத்துலயும் ஒரு பேரைச் செதுக்கியிருக்கார். நீங்க இல்லைன்னா அந்தப் பக்கம்.”

கல்தச்சர் கடப்பாரையால் கல்லை மெல்லத் திருப்பினார். வேலப்பன் என்றிருந்தது. எழுத்து ஆழமாக, மணி மணியாக இருந்தது. மேலே ஒரு தாமரை வேறு. அருணகிரி பக்கத்தில் தாமரை இல்லை.

பெரியதம்பி முதலில் பதறினார். “அய்யோ, எங்க தாத்தா இல்லீங்க” என்று கையெடுத்தவர், கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தாத்தா பேரை இவ்வளவு பெரிய எழுத்தில் அவர் கண்டதில்லை. வாய் தன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டியது. கண் கலங்கியது. முகத்தில் ஒரு களை ஏறி, ஆள் இரண்டு விரல்கடை வளர்ந்த மாதிரி இருந்தது. ராஜா அந்தப் பேரை உரக்கப் படித்தார். “நல்ல பேர்” என்றும் சொல்லிவைத்தார்.

மாசிலாமணி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். களஞ்சியம் மறந்தது, சேறு மறந்தது, உத்தண்டியின் மூட்டை மறந்தது. நாளைக்கு, நாளன்றைக்கு, ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போகும்போது அந்த முகம் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். தாமரையோடு நிற்கும்.

“கல்லைத் திருப்பு” என்றார்.

“என்னவோ சொல்ல வந்தீங்களே?”

“எங்க தாத்தாதான்னு சொல்ல வந்தேன். ஒத்தை ஆளா வெட்டினார். ஒரு பய கூடை பிடிக்கலை. திருப்புய்யா கல்லை. அந்தத் தாமரை இந்தப் பக்கமும் வரணும்.”

“தாமரைக்கு இடமில்லீங்களே” என்றார் தச்சர்.

“அப்ப அந்தப் பக்கத்துல இருக்கிறதைக் கொத்தி எடு.”

ராஜா சிரித்தார் பாருங்கள், குடைக்காரன் குடையைக் கீழே போட்டுவிட்டு அவனும் சிரித்தான். மறுத்த வாய் ஒன்றும் இல்லை, கல் பக்கத்து நாட்டுக் கல்லைவிட உயரம், காசு செலவில்லாமல் ஏரியைத் தூர் வார ஆளும் கிடைத்தாயிற்று. தோளில் கிடந்த சால்வையை எடுத்து உத்தண்டிக்குப் போர்த்தினார். தூர் வாரி நீர் நிறைந்ததும் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையும் அவனுக்கே என்றார். மாசிலாமணி வாரப்போகிற ஏரியில் உத்தண்டிக்கு மீன். அவருக்கு அது உறைத்தபோது கல்லை நட்டுச் சுண்ணாம்பும் பூசியாகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, மாசிலாமணி தூரை நன்றாகவே வாரினார். களஞ்சியத்துக்குப் பக்கத்து அவருடைய சொந்த நெற்குதிர் காலியானது. வேதவல்லி கோடை முழுக்க அடுப்படியில் நின்றபடி, தண்ணீருக்குப் பயந்த அந்தத் தாத்தாவைத் திட்டித் தீர்த்தாள். ஐப்பசி மழையில் ஏரி கரை தொட்டு நின்றது. அவர் கல்லடியில் நின்று போகிற வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொன்னார். படித்தவர்களும், “அடடா, இதுதானா உத்தண்டி வெச்ச கல்லு?” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை அந்த இடத்துக்கு உத்தண்டி கல்லடி என்றுதான் பேர். அதைச் சொன்னவர்கள் யாருக்கும் அவர் வீட்டில் மோர்கூடக் கிடைத்ததில்லை.

அவர் மகள் பூங்காவனத்துக்கு அடுத்த தையில் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, பெரியதம்பியின் தம்பி மகன்தான். தூர் வாரும்போது கூடை தூக்க வந்தவன், சோறு சாப்பிட அவர்கள் வீட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் போய், எல்லாருக்கும் பின்னால் எழுந்தவன். பெரியதம்பி கல்யாணத்துக்கு வரவில்லை, கால்வலி என்று சொல்லியனுப்பினார். உண்மையில் அவருக்கு அந்தக் கரையில் நடக்கவே முடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அருணகிரி தண்ணீர், குழம்பு கொதித்தால் அருணகிரி குழம்பு என்று அவர் வீட்டிலேயே கேலி பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

கடைசியில் வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு வடக்கே ஏதோ ஒரு ஊரில் போய்க் குடியேறினார். அங்கே ஒரு குளம் இருக்கிறதாம். கல் எதுவும் நடவில்லையாம். அதை யார் வெட்டியது என்று இப்போது வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.