கையா, கண்ணா?

முப்பத்தொரு வருஷம் ஒரே கேள்வியைச் சுமந்து திரிந்த ஒருவர், கடைசியில் அந்தக் கேள்வி பிறந்த அறைக்கே வந்து சேர்ந்தார். பெயர் சகாயநாதன். ரயில்வேயில் வரைபடப் பிரிவு. எத்தனையோ ஊர் சுற்றிவிட்டு, ஓய்வுபெற நான்கு வருஷம் இருக்கும்போது பிறந்த ஊருக்கே மாற்றல் வாங்கி வந்திருந்தார்.

அது ஒரு ஜங்ஷன் ஊர். ரயில்வே ஊழியர் மன்றமான இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் லூர்துசாமி. அந்தக் காலத்தில் அவர் மார்க்கர், அதாவது ஆட்டத்தின்போது பலகைக்குப் பக்கத்தில் நின்று எண்களை உரக்கச் சொல்கிறவர். இப்போது ஊரே அவரை மாஸ்டர் என்றது. மூன்று மாவட்டங்களிலிருந்து அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

இருவருக்கும் ஒரே வயது. ஒரே காலனியில் பக்கத்துப் பக்கத்து வரிசை. சகாயம் முதல் நாள் படியேறி வந்து, "டேய் லூர்து" என்று கட்டிக்கொண்டபோது லூர்து விலகி நின்று சொன்னார்:

"கதவுக்கு வெளிய லூர்து. உள்ள மாஸ்டர். கத்துக்க வந்தியா, கதை பேச வந்தியா?"

"கத்துக்கத்தான்."

"அப்ப செருப்பை வெளிய விடு."

அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் சகாயம் வந்தார். இரண்டு மாதம் ஆயிற்று. கை பழைய கைதான், மறக்கவில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கையை நம்பி ஆடவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடினார்.

நீல அட்டை போட்ட தடித்த நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மேசை, அளவு மாறாமல், பென்சில் கோடுகளோடு. அடிக்க வேண்டிய பந்துக்கும் பாக்கெட்டுக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் பின்முனையில், பந்தை ஒட்டிக்கொண்டு, புள்ளிகளால் வரைந்த இன்னொரு வட்டம். மேசையில் இல்லாத பந்து. அந்த இல்லாத பந்தின் நடுவைப் பார்த்து வெள்ளைப் பந்தை அனுப்பினால், இருக்கிற பந்து பாக்கெட்டுக்குள் போகும். அதுதான் அவருடைய கணக்கு.

"இந்த நோட்டு மேல உனக்கு என்னடா இவ்வளவு பாசம்?" என்று லூர்து ஒருநாள் கேட்டார்.

"வீட்டுலயும் அதைத்தான் கேக்கறா. கத்திரிக்கா வாங்கப் போனாக்கூட பிளான் போட்டுட்டுப் போற மனுஷன்னு ரெஜினா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா."

"பொய்யா?"

"பொய் இல்ல, மாஸ்டர்."

பொய் இல்லைதான். ஆனால் எப்போதும் அப்படி இருந்தவர் அல்ல சகாயம். இருபத்தைந்து வயதில் அவர் எதையும் கணக்குப் போட்டதில்லை. குனிவார், அடிப்பார், பந்து போகும். அதிலும் ஓர் அடி அவருடையது என்றே பேர் வாங்கியிருந்தது. தூரத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, பந்து போய்ச் சேருமா சேராதா என்று பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் அனுப்புவார். அது உருண்டு உருண்டு போய், யோசித்து, கடைசியில் பாக்கெட்டின் விளிம்பிலிருந்து உள்ளே தலைகுப்புற விழும். இன்ஜின் ஷெட்டிலிருந்து கரியும் எண்ணெயுமாக வந்தவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே கை கழுவாமல் வராந்தா ஜன்னலோரம் நிற்பார்கள். உள்ளே வந்தால் மேசைத் துணி அழுக்காகும் என்று லூர்து விடமாட்டார்.

அப்புறம் ரயில்வே போட்டியின் அந்த இறுதி ஆட்டம். எதிராளி, மேற்கே வேறொரு டிவிஷனிலிருந்து வந்த அச்சுதன் என்ற ரயில் கார்டு. அமைதியான மனிதர். ஆட்டம் தொடங்கும் முன் காலி மேசையில் ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபக்கமிருந்து இன்னொரு தடவை. சகாயம் லூர்துவின் காதில், "பாவம்டா, கோலி விளையாட வந்திருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். அதைப் போடுகிறவருக்குக் கோப்பை. சகாயம் தன் பேர்போன அடியை அடித்தார். பந்து உருண்டு போய், பாக்கெட்டின் வலது உதட்டில் மோதி, அங்கேயே நின்றுவிட்டது. அச்சுதன் வந்து அதைத் தட்டி உள்ளே தள்ளினார்.

சகாயத்தின் அப்பா ஞானமுத்து, இன்ஜின் டிரைவர், வேலை உடுப்போடு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகனோடு வீடுவரை நடந்தார். வாசலுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "கை தவறுச்சா, கண் தவறுச்சா?"

சகாயத்துக்குத் தெரியவில்லை. அப்பா மறுபடி கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து இறந்துபோனார். நோட்டின் முதல் பக்கம் அந்த அடிதான். அதற்குப் பிறகு குச்சியைத் தொடவில்லையே தவிர, அந்த நோட்டை மூடவும் இல்லை.

இந்தக் கதையெல்லாம் லூர்துவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பலகைக்குப் பக்கத்தில் நின்று எண் சொன்னவரே அவர்தான். ஆனாலும் ஒரு சனிக்கிழமை சகாயம் அதைக் கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லு. கண்ணால கணக்குப் போட்டு ஆடறதா, கை போற போக்குல ஆடறதா? அன்னிக்கு எனக்கு எது தவறுச்சு? எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லலடா. செத்துப்போன மனுஷனுக்கு இனிமே சொல்லி என்ன. எனக்காவது தெரியணும்."

லூர்து மேசையிலிருந்த பந்துகளையெல்லாம் ஒதுக்கினார். கறுப்பை ஓர் இடத்தில் வைத்தார். வெள்ளையை இன்னோர் இடத்தில் வைத்தார். சகாயம் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். ஒரு விரல்கூட வித்தியாசமில்லை.

"உனக்கும் ஞாபகம் இருக்கா?"

"அடி. முதல்ல நோட்டு சொல்றபடி. வேகம் அன்னிக்கு அடிச்ச வேகம்."

சகாயம் இல்லாத பந்தைக் கண்ணால் வரைந்துகொண்டு அடித்தார். கறுப்பு மெதுவாக உருண்டு போய் நட்டநடுவாக விழுந்தது.

"இப்ப நோட்டை மூடு. கை போற போக்குல."

சகாயம் கண்ணைத் தளர்த்திக்கொண்டு, இருபத்தைந்து வயதில் குனிந்தது மாதிரி குனிந்து அடித்தார். கறுப்பு உருண்டு போய், வலது உதட்டில் மோதி நின்றது. அன்று நின்ற அதே இடம்.

அவர் குச்சியைச் சுவரில் சாய்த்தார். முகம் வாடிவிட்டது.

"அப்ப கைதான். கையை நம்பினேன், கை கவுத்திருச்சு."

"அவசரப்படாதே" என்றார் லூர்து.

மூலையிலிருந்து ஒரு சின்னத் திருகு ஜாக்கியை எடுத்து வந்தார். மேசைக்கு எட்டுக் கால். ஜன்னல் பக்கத்து ஓரக்காலுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து, முழங்காலிட்டு, மூச்சு வாங்கத் திருகினார்.

"நான் பண்றேன், விடு."

"மேசை காலைத் தொடறது மார்க்கர் வேலை. ஆடறவன் தள்ளி நில்லு."

கால் மயிரிழை தூக்கியதும் அதன் அடியிலிருந்து எதையோ உருவினார். ஜாக்கியை இறக்கினார். கறுப்பையும் வெள்ளையையும் மறுபடி அதே இடங்களில் வைத்தார்.

"நோட்டு."

சகாயம் அதே இல்லாத பந்தைப் பார்த்து, அதே வேகத்தில் அடித்தார். கறுப்பு நேராகப் போனது. கடைசி ஒரு முழத்தில், யாரோ கூப்பிட்டது மாதிரி, ஜன்னல் பக்கம் திரும்பி இடது உதட்டில் மோதி நின்றது.

"கை."

குனிந்தார். அடித்தார். கறுப்பு வலது பக்கம் விலகிப் போகிற மாதிரி போக்குக் காட்டி, மெல்ல வளைந்து, விளிம்பில் யோசித்து, தலைகுப்புற விழுந்தது.

கையை நம்பி அடித்த அடியில் முப்பத்தொரு வருஷம் கேட்காத சத்தம். சகாயத்துக்குக் கரி படிந்த முகங்கள் ஜன்னலில் தெரிகிற மாதிரி இருந்தது.

"கை சரியாத்தான் இருந்திருக்கு!" என்றார். "அப்ப நோட்டுதான் தப்பு. இத்தனை வருஷம்..."

லூர்து தன் கையிலிருந்ததை மேசை விளிம்பில் வைத்தார். எட்டு அட்டை டிக்கெட்டுகள். பழைய காலத்து ரயில் டிக்கெட்டுகள். அமுங்கி, பழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. சகாயம் மேலே இருந்ததை உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குத்தியிருந்த தேதி மங்கலாகத் தெரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்.

"ஜன்னல் பக்கம் தரை இறங்கி மேசை சாஞ்சிருந்துச்சு" என்றார் லூர்து. "நாம சின்ன வயசுல ஆடினதெல்லாம் சாஞ்ச மேசை. வெளியூர்க்காரங்க வர்றாங்க, மட்டம் சரியா இருக்கணும்னு செக்ரட்டரி முந்தின நாள் சாயங்காலம் சொன்னார். ஸ்டேஷன் கேட்ல இறங்கினவங்ககிட்ட வாங்கின டிக்கெட் கட்டு ஒண்ணு கெடந்துச்சு. எட்டு வெச்சேன். ரசமட்டம் வெச்ச மாதிரி மட்டமாயிருச்சு."

சகாயம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று ஆட்டத்தின் நடுவிலேயே இரண்டு பந்துகள் வலது உதட்டில் பட்டது ஞாபகம் வந்தது. கையில் வியர்வை என்று நினைத்து இரண்டு தடவையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"மார்க்கர் ஆட்டத்துல எண்ணைத் தவிர வேற வார்த்தை பேசலாமா? இருமல் வந்தாக்கூட வெளிய போய் இருமிட்டு வரணும்னு எங்கப்பா சொல்லித்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்."

"தோத்ததுக்கு அப்புறம்?"

"சாயங்காலம் வருவே, சொல்லலாம்னு காத்திருந்தேன். நீ வரல. அந்த வாரமே மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டே." லூர்து ஜாக்கியின் திருகைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "வாயைத் திறக்காம நின்னது சரியா தப்பான்னு யோசிச்சே எனக்கும் முப்பத்தொரு வருஷம் ஆச்சு."

வெளியே ஒரு சரக்கு வண்டி கடந்து போனது.

"அந்த அச்சுதன்கிட்டயாவது சொன்னியா?"

"அவன் யாரு, நான் யாரு? அவன்கிட்ட ஏன் சொல்லப்போறேன்?"

"அப்ப அவன் எப்படிடா ஆடினான்? அவனுக்கு இந்த மேசையும் புதுசு, கையில ஒரு நோட்டும் இல்ல. கணக்கும் தெரியாம, பழக்கமும் இல்லாம, ஒரு பந்துகூட உதட்டுல படலையே. அவனுக்கு யார் சொன்னா?"

லூர்து வெள்ளைப் பந்தை எடுத்து, சகாயத்தின் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீ என் காதுல ஒண்ணு சொல்லிச் சிரிச்சியே சகாயம், அப்பத்தான் அவன் இந்த மேசைகிட்ட கேட்டுக்கிட்டிருந்தான்."